மட்டை என்று குறித்தவள்

வீரம்மாவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவள் கண்ணைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷம் ஈப்போ பக்கத்துக் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் ஓட்டை பார்த்த கண் அது. காற்று ஊதி உப்ப வைத்த கையுறை ஒவ்வொன்றாக முன்னால் வரும். ஒன்றுக்கு ஒரு விநாடிதான். அதற்குள் ஊசி குத்தின அளவு ஓட்டையைக் கண்டுபிடித்துத் தூக்கி எறிய வேண்டும். வீரம்மா கையில் தப்பியது அபூர்வம். அந்தக் கண்ணை ஒரு நாள் கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஓட்டை பார்க்கக் கேமரா வந்துவிட்டதாம். வரிசையில் நின்ற நாற்பது பெண்களையும் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு கடிதமும் ஒரு துண்டு கேக்கும் கொடுத்து அனுப்பினார்கள். கேக் காய்ந்து போயிருந்தது என்பதை வீரம்மா இன்றைக்கும் மறக்கவில்லை.

அப்போது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கட்டிக்கொண்டவன் கோலாலம்பூருக்கு வேலை தேடிப் போய் வருஷம் பதினெட்டு ஆகிறது, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான் போலிருக்கிறது. பிள்ளைகுட்டி கிடையாது. இருப்பது ஒரே அக்கா, இருளாயி. தாய் செத்தபோது வீரம்மாவுக்கு ஆறு வயது, இருளாயிக்குப் பதினாலு. இருளாயி ஆறாம் வகுப்போடு நின்று, ரப்பர் மரம் சீவப் போய், தங்கையைப் பாரம் ஐந்து, அதாவது பதினோராம் வகுப்பு வரை படிக்க வைத்தாள். வீரம்மாவின் பள்ளிக்கூடச் சப்பாத்து எந்த வருஷமும் கிழிந்திருந்ததில்லை. இருளாயிக்குப் பதினேழு வயது வரை காலில் போடச் சப்பாத்தே இல்லை. இதை இருளாயி ஒரு நாளும் சொல்லிக் காட்டினவள் இல்லை. சொல்லிக் காட்டியிருந்தால் வீரம்மாவுக்கு இத்தனை பாரம் இருந்திருக்காது.

கையுறை வேலை போன ஆறாவது மாதம் வீரம்மாவுக்கு வேறு வேலை கிடைத்தது. ஈப்போவில் மோட்டார் சாமான் கடைக்கு மேல் மாடியில் ஓர் அலுவலகம். பதினாலு கம்ப்யூட்டர். வேலை, படத்தில் கட்டம் போடுவது. பொறுப்பாளன் ஜெரமி, முப்பத்திரண்டு வயது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். மெஷின் பார்க்கிறது என்றுதானே எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், பிறகு எதற்கு ஆள் என்று வீரம்மா அவனிடம் கேட்டாள்.

"மெஷினுக்குத் தானா ஒன்னும் தெரியாதுக்கா. இது ஆளு, இது மாடு, இது கல்லுன்னு நீங்க கட்டம் போட்டுக் காட்டணும். நீங்க காட்டுனதத்தான் அது பாக்கும்" என்றான்.

முதல் நாளே அவன் சொல்லிக் கொடுத்த விதி ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத்தான் கட்டம். ஒருவன் மரத்துக்குப் பின்னால் நின்று கால் மறைந்திருந்தால், காலுக்குக் கட்டம் கிடையாது. கால் இருக்கும் என்று நமக்குத் தெரியும்தான், ஆனால் மனசில் தெரிகிறதை வரையக் கூடாது. வீரம்மாவுக்கு இது கஷ்டமாகவே இல்லை. ஒரு மாதத்தில் அவள்தான் அந்த மாடியிலேயே கெட்டிக்காரி. மற்றவர்கள் வேலையை எங்கோ வேறு தேசத்தில் உட்கார்ந்திருக்கும் சரிபார்ப்பவர் படம் படமாகத் துருவுவார். வீரம்மா வேலையில் இருபதுக்கு ஒன்று பார்த்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

அவர்களுக்கு வந்த படங்களில் பாதி எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவை. அங்கே பழக்குலை ஏற்றிப் போகிற வண்டி ஒன்று ஆளில்லாமல் தானே ஓடும். ஒரு காலத்தில் அந்த வேலையை எருமை பூட்டிய வண்டிதான் செய்தது, அதனால் சனங்கள் இதற்கும் எருமை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்த எருமைக்கு மூன்று கண். ஒன்று சாதாரணக் கேமரா. ஒன்று சூட்டைப் பார்க்கும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத ஒளியை விட்டு, முன்னால் இருப்பது எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று அளக்கும். பாதையில் ஆளைக் கண்டால் உடனே ஓர் எண் கொடுக்கும். ஆள் ஒன்று, ஆள் இரண்டு. அந்த எண்ணை அடுத்த படத்திலும் அதற்கடுத்த படத்திலும் விடாமல் தொடரும். கிட்டே இருந்தால் நின்று, சத்தம் போட்டு, ஆபீசுக்குத் தகவல் அனுப்பும்.

ஆரம்பத்தில் அதற்கு ஒரு வியாதி இருந்தது. செம்பனைத் தோட்டத்தில் வெட்டிப் போட்ட மட்டை கிடக்காத பாதை ஏது? எருமை ஒவ்வொரு மட்டைக்கும் நின்றது. ஒரு நாளில் நூறு தடவை நின்றால் குலை எப்போது ஆலைக்குப் போகும்? ஆகவே மட்டை என்று தனியாக ஒரு பெயர் உண்டாக்கினார்கள். வீரம்மாவும் மற்றவர்களும் ஆயிரக்கணக்கில் மட்டைக்குக் கட்டம் போட்டார்கள். எருமை குணமாகிவிட்டது என்று ஜெரமி எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தான். குணமானது எப்படி என்று அவன் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அந்தத் தோட்டம் வீரம்மாவுக்கு அந்நியம் இல்லை. சிம்பாங் பூலாய்க்கு உள்ளே தள்ளி, அவள் பிறந்த தோட்டமேதான். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தார்கள், குடியிருந்த லயத்தை இடித்தார்கள், சனங்களை மலிவு விலை ஃபிளாட்டில் கொண்டுபோய் அடைத்தார்கள். பதினாலாம் பிளாக்கில் முனியாண்டி மட்டும் மிஞ்சினார். மூன்று கல், ஒரு சூலம், தகரக் கூரை. முன்பு அவருக்கு எதிரில் பொங்கல் வைக்க இடம் இருந்தது. எருமைக்காகப் பாதையை அகலப்படுத்தியபோது கம்பெனி அந்த இடத்தை முழுங்கிவிட்டது. இப்போது முனியாண்டி முன்னால் ஒருவர் விழுந்து கும்பிட்டால், தலை சாமிப் பக்கமும் கால் பாதையிலுமாகக் கிடக்கும்.

இருளாயி வெள்ளிக்கிழமை தவறாமல் போவாள். காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கழுவுகிற வேலை. அது முடிந்து, இரண்டு மணி வெயிலில் பழைய மோட்டார் சைக்கிளில் போய், கூட்டி, விளக்கேற்றி, விழுந்து கும்பிடுவாள். அவள் கும்பிடு சீக்கிரத்தில் முடியாது. செத்தவர்கள், இருப்பவர்கள், ஓடிப்போனவர்கள் என்று குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரையும் சாமியிடம் சொல்லித்தான் எழுந்திருப்பாள். வீரம்மாவின் பெயர் கடைசியில் வரும்.

ஒரு புதன்கிழமை வீரம்மா கட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா படத்தில் வந்தாள். எருமை அவளுக்கு ஆள் ஐந்து என்று எண் கொடுத்திருந்தது. அடுத்த படங்களில் எருமை நின்றது. அதற்கடுத்துத் தோட்டத்துக் காவல்காரன், ஜாகா, மோட்டாரில் வந்து இறங்கினான். தேங்காய்த் தட்டைக் காலால் தள்ளினான். இருளாயியை அடையாளக் கார்டை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி, திருடியைப் பிடிப்பதுபோல் போட்டோ எடுத்தான். அவள் கார்டை எடுத்தாள், பிடித்துக்கொண்டு நின்றாள். வீரம்மா அந்த முப்பத்தெட்டுப் படங்களிலும் அக்காவுக்கும் ஜாகாவுக்கும் கட்டம் போட்டாள். வேறென்ன செய்வாள், அதுதானே வேலை.

அக்காவும் தங்கையும் ஒரே ஃபிளாட்டில்தான் இருந்தார்கள், இருளாயி இதை மறைத்துவிட்டாள். ஆனால் அடுத்த மாதம் சூலத்தில் ஒரு கடிதம் கட்டித் தொங்கியது. பதினாலாம் பிளாக்கில் வண்டி அடிக்கடி நிற்கிறது, இது தொடர்ந்தால் கட்டுமானம் அகற்றப்படும் என்று மலாயில் எழுதியிருந்தது. அதைப் படித்துச் சொன்னவள் வீரம்மா. கேட்ட இருளாயி சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். தாய் செத்தபோது கூட அழாத அக்கா அழுததைப் பார்த்து வீரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கோபமும் வந்தது. வண்டி நிற்பதால்தானே கோயில் போகிறது? வண்டிக்குக் கண் கொடுப்பது யார்?

அன்றிலிருந்து வீரம்மா தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஆரம்பித்தாள். பதினாலாம் பிளாக் படம் வந்தால், குனிந்து கூட்டுகிறவர்களையும் விழுந்து கும்பிடுகிறவர்களையும் பொறுக்கி எடுத்து, தெளிவில்லாத, தூரத்துப் படங்களில் மட்டும், ஆள் என்பதற்குப் பதிலாக மட்டை என்று போட்டாள். பச்சைப் புடவையில் குப்புறக் கிடக்கிற பெண்பிள்ளை அந்தக் கேமராவுக்கு மட்டை மாதிரிதான் இருப்பாள், சரிபார்ப்பவரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏழு மாதத்தில் முந்நூறு படத்துக்கு மேல் இருக்கும். மட்டை என்றால் எருமை ஆபீசுக்குச் சொல்லாது, ஜாகா வரமாட்டான், அவ்வளவுதான் அவள் நினைத்தது. ஆளும் மட்டையும் ஏதோ அறிக்கையில் எழுதுகிற பெயர்கள் என்று நினைத்தாள். அது சக்கரத்துக்குப் போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் ஜெரமி சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான். கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று அவள் கேட்கவில்லை.

பலன் தெரிந்தது. எருமை பதினாலாம் பிளாக்கில் நிற்பது குறைந்தது. இரண்டாவது கடிதம் வரவில்லை. வீரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நாள் சோறு பிசைந்துகொண்டே அக்காவிடம் சொன்னாள்.

"இனிமே நீ அதுக்குப் பயப்படாதக்கா. நான் சொல்லி வச்சிட்டேன் லா. அது உன்ன ஒன்னும் செய்யாது. நீ பாட்டுக்குக் கும்பிடு."

இருளாயி சோற்றை விட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்தாள். பாரம் ஐந்து வரை படிக்க வைத்தது வீண் போகவில்லை என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். ஃபிளாட்டில் கீழ்வீடு, மேல்வீடு எல்லாருக்கும், என் தங்கச்சி சொன்னால் எருமை கேட்கும் என்று சொல்லி வைத்தாள். மற்றவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எருமை வரும் சத்தம் கேட்டால் அவர்கள் பாதிக் கும்பிடில் எழுந்து ஓரமாகப் போய்விடுவார்கள். அவர்களுக்கு வாக்குக் கொடுக்க யாரும் இல்லை, அதனால் பிழைத்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, இருளாயி விளக்கேற்றிவிட்டு விழுந்து கும்பிட்டாள்.

எருமை அவளை முன்பே பார்த்திருந்தது. அறுபது மீட்டர் தூரத்தில் நடந்தபோது ஆள் மூன்று என்று எண் கொடுத்து, வேகத்தையும் குறைத்தது. பிறகு அவள் குப்புற விழுந்ததும், ஆள் மூன்று என்பவள் படத்தில் இல்லாமல் போனாள். ஆள் காணாமல் போனால் அது மூன்று விநாடி தேடும், அப்புறம் மறந்துவிடும். இப்போது பாதையில் பச்சையாக ஒன்று கிடந்தது. கேமரா மட்டை என்றது. உயரம் பார்க்கிற கண், முழங்காலுக்குக் கீழே, ஏறிப் போகலாம் என்றது. சூடு பார்க்கிற கண் மட்டும் சூடாக இருக்கிறது என்றது, ஆனால் மத்தியான வெயிலில் கிடக்கிற மட்டையும் சூடாகத்தான் இருக்கும், அந்த நேரத்தில் அதன் பேச்சைக் கேட்க வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள். எருமை வேகம் எடுத்தது. இருளாயிக்குச் சத்தம் கேட்டது. கேட்டும் எழுந்திருக்கவில்லை. இன்னும் பெயர்கள் பாக்கி இருந்தன.

ஒன்றரை டன் குலை இருந்தது வண்டியில். இரண்டு காலும் முட்டிக்கு மேலே வரை போய்விட்டன.

பெரிய ஆஸ்பத்திரியில் இருளாயி கண் விழிக்க ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளில் கம்பெனி மூன்று காரியம் செய்தது. அத்துமீறி நுழைந்தவர் பாதையில் படுத்திருந்ததால் விபத்து என்று எழுதிக் கையெழுத்து வாங்க ஆள் அனுப்பியது. வீரம்மா கையெழுத்துப் போட்டாள். கோயிலால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லித் தகரக் கூரையைப் பிரித்து, மூன்று கல்லையும் லோரியில் ஏற்றி எங்கோ கொட்டியது. எருமை ஏன் அப்படிச் செய்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லி ஈப்போ மாடிக்கு எழுதியது.

ஜெரமி இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டான். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டவர் எண் இருக்கிறது. முந்நூறு கட்டமும் ஒன்பதாம் எண்ணுடையவை. ஒன்பது வீரம்மா. அவன் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். மட்டை என்றால் எருமைக்கு நிற்காமல் ஏறிப் போ என்றுதான் அர்த்தம் என்பதை அன்றைக்குத்தான் பொறுமையாக விளக்கினான். அவள் தண்ணீரைக் குடிக்கவில்லை. போலீசில் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

"சொல்லாதீங்கக்கா. சொன்னா கான்ட்ராக்ட் போயிரும், பதினாலு பேரு வேலையும் போயிரும். உங்க அக்காவுக்குக் காலு வரப் போவுதா? நான் அவங்களுக்காக ஜெபம் பண்றேன்."

செய்தும் இருப்பான். அவன் அப்படிப்பட்டவன்தான். இந்த உலகத்தில் மோசமான காரியத்தை எல்லாம் கத்துகிறவர்கள் செய்வதில்லை. முந்நூறு கட்டத்தையும் திருத்தி, ஆள் என்று மாற்ற வேண்டும், வேறு யார் கையிலும் கொடுக்க முடியாது, அதனால் வேலையிலிருந்து நிறுத்தவும் முடியாது என்றான். இந்தத் தண்டனைக்கு ஜெயிலே தேவலை. வீரம்மா தலையாட்டினாள்.

ஆனாலும் அக்காவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் அன்று வார்டுக்குப் போனாள். படிக்கட்டில் ஏறும்போதே முதல் வார்த்தையைத் தேர்ந்து வைத்திருந்தாள். இருளாயி படுக்கையில் சின்னப் பிள்ளை அளவுக்கு இருந்தாள். போர்வை பாதிக்குமேல் சப்பையாகக் கிடந்தது. பக்கத்துப் படுக்கைக்காரியிடம், இதுதான் நான் சொன்ன என் தங்கச்சி என்று காட்டினாள். பிறகு வீரம்மாவின் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"நீ சொல்லி வச்சதாலதான் காலோட விட்டுச்சு. இல்லாட்டி தலையில ஏறியிருக்கும். உசுரக் காப்பாத்திட்ட வீரம்மா."

பக்கத்துப் படுக்கைக்காரி மெச்சிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"ஆமாக்கா" என்றாள் வீரம்மா.

அன்றைக்கு விட்டது விட்டதுதான். அதன் பிறகு சொல்வதற்கு நாளே வரவில்லை. இருளாயி சக்கர நாற்காலியில் ஃபிளாட்டுக்கு வந்தாள். வீரம்மா குளிப்பாட்டுகிறாள், மலம் அள்ளுகிறாள், ஊட்டிவிடுகிறாள். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் தங்கச்சி காப்பாற்றிய கதையை இருளாயி சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் வீரம்மா பக்கத்தில் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. கல்லை எங்கே கொட்டினார்கள் என்று இருளாயி கேட்பாள். விசாரிக்கிறேன் என்பாள் வீரம்மா.

முந்நூறு கட்டத்தையும் திருத்தி முடித்த வாரம், ஜெரமி இன்னொரு கோப்பை அனுப்பினான். அந்த வெள்ளிக்கிழமையின் படங்கள், இருநூற்று நாற்பது. எருமை மறுபடியும் அப்படிச் செய்யாமல் இருக்க, இவற்றைத்தான் அதற்கு முக்கியமாகக் காட்ட வேண்டுமாம். கேட்பதற்கே கஷ்டமாக இருக்கிறது என்று அவன் கீழே எழுதியிருந்தான். திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்றும் எழுதியிருந்தான்.

வீரம்மா முதல் படத்திலிருந்து ஆரம்பித்தாள். அக்கா மோட்டாரை நிறுத்துகிறாள். கட்டம், ஆள் மூன்று. அக்கா கூட்டுகிறாள். கட்டம், ஆள் மூன்று. அக்கா புடவையை ஒதுக்கிக்கொண்டு குப்புற விழுகிறாள். இப்போதும் ஆள் மூன்று, படத்துக்குப் படம் விடாமல். கடைசியில் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கீழ்க் கேமராவின் படங்கள் வந்தன. அவற்றிலும் போட்டாள். மத்தியானச் சோற்றைத் தொடாமல் ஒரே மூச்சில் முடித்து அனுப்பினாள்.

சாயந்தரம் ஆறு படங்கள் திரும்பி வந்தன. இந்த இரண்டு வருஷத்தில் அவள் வேலை திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. யாரென்றே தெரியாத அந்தச் சரிபார்ப்பவர் ஆறிலும் ஒரே குறிப்பை எழுதியிருந்தார். கட்டம் அளவுக்கு மேல் நீளம். ஆளின் கால் தெரியவில்லை. சரி செய்யவும்.

வீரம்மா பார்த்தாள். சக்கரத்துக்கு அடியில் ஒன்றும் தெரியவில்லைதான். தெரியாத இடத்தில் அவள் பாதம் வரைக்கும் கோடு இழுத்திருந்தாள்.

கட்டத்தின் கீழ்க்கோட்டைப் பிடித்து அக்காவின் முட்டிக்கு மேல் வரை இழுத்து வைத்தாள். மற்ற ஐந்திலும் அப்படியே செய்து அனுப்பினாள். பிறகு அந்தப் படங்கள் திரும்பி வரவில்லை.